வேலிக்கு வராத பாய்

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றியதில்லை. எழுதிக் கொடு என்று சொன்னார்கள்.

சொன்னவர் ஜான் பீட்டர் சார். கல்லலில் நான் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்தின் செயலாளர். 1997 ஜனவரியில் ஒரு நாள் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தாளைத் தள்ளினார். 'இளவயதுக் கர்ப்பம்: காரணங்களும் தடுக்கும் வழிகளும்' என்று தலைப்பு. காரணங்கள் மூன்று: வறுமை, அறியாமை, சினிமா. தடுக்கும் வழிகள் என்ற இடத்தில் மூன்று புள்ளிகள் மட்டும் இருந்தன.

"சின்னப் புத்தகமா போடுறோம் ஷீலா. மகளிர் கூட்டத்துல வாசிச்சுக் காட்ட, புத்தகத்துக்குள்ள ஒரு கதை வேணும். நீதான் தமிழ் படிச்ச பிள்ளையாச்சே."

"நான் வரலாறு சார்."

"ஏதோ ஒண்ணு. பொண்ணு கடைசியில செத்துப் போகணும். அப்பத்தான் சனம் பயப்படும்."

தாளை வாங்கிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். யாராவது ஒரு தாளை நீட்டினால் உடனே கையை நீட்டிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

[இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.]

2

முதல் தொடக்கம்: "பச்சைப் பசேலென்ற வயல்களுக்கு நடுவே அழகிய கிராமம் ஒன்று"

அடித்தேன். எங்கள் பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை சீமைக் கருவேலம்தான் பச்சை.

இரண்டாம் தொடக்கம்: "பதினாறு வயதுப் பருவ மங்கை நாகஜோதி"

பேனாவை மூடிவிட்டேன். பத்தாவது படிக்கிற பிள்ளையைப் பார்த்து இப்படி எழுதத் தோன்றுவதையே அந்தக் காரணப் பட்டியலில் முதலாவதாகச் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் தொடக்கம்: "நாகஜோதி பத்தாவது படிக்கிறாள். கணக்கில் கெட்டி."

இது நிற்கிறது. ஏனென்றால் இது உண்மை. நாகஜோதி இருக்கிறாள். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். மாற்றுப் பெயரை அவளே தேர்ந்தெடுத்தாள். அவளுடைய அம்மா அம்மாக்கண்ணு அக்கா, நான் சனிக்கிழமை தோறும் அவர்கள் ஊரில் நடத்தும் பெண்கள் கூட்டத்துக்கு வருபவர்.

அடுத்து, கர்ப்பம் என்றால் ஒரு ஆண் வேண்டுமே. டிராக்டர் ஓட்டும் பெனோ என்று ஒருவனைக் கொண்டுவந்தேன். கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டேன். கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.*

* பெனோவிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்படி ஓர் ஆள் கிடையாது. ஆனால் நான் இவனை எழுதிய அதே வாரத்தில் நாகஜோதியின் தெருவும் வேறு பெயரில் இவனையே உண்டாக்கிக்கொண்டிருந்தது. பி.ஏ. படித்த நானும் குழாயடியும் ஒரே ஆளைக் கற்பனை செய்திருக்கிறோம்.

3

என்ன நடந்தது என்பதைச் சொல்லும் முன் ஒரு பாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு பாய் தனியாக இருக்கும். மாதவிடாய் வந்த பெண்ணை 'வீட்டுக்குத் தூரம்' என்று சொல்லி, கொல்லைப்புறம் சுவரோடு சாய்வாக இறக்கிய சாய்ப்பில் மூன்று நாள் உட்கார வைப்பார்கள். தனித் தட்டு, தனிச் சொம்பு, அந்தப் பாய். அடுப்பைத் தொடக்கூடாது. விளக்கேற்றக் கூடாது. புத்தகத்தைத் தொடக்கூடாது. பள்ளிக்கூடம் கிடையாது. நாலாம் நாள் தலைக்கு ஊற்றி, பாயை அலசி வேலியில் காயப்போடுவார்கள்.

தண்ணீருக்குப் போகிறவர்கள் கண்ணில் அது படும். யார் வீட்டுப் பாய் காய்கிறது, யார் வீட்டுப் பாய் காயவில்லை என்று யாரும் குறித்து வைத்துக்கொள்வதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். புதிதாகக் கல்யாணமான வீட்டில் பாய் வேலிக்கு வராவிட்டால் சந்தோஷமாக விசாரிப்பார்கள். கல்யாணமாகாத பெண் இருக்கும் வீட்டில் வராவிட்டால் விசாரிக்கமாட்டார்கள். சிரிப்பார்கள்.

அம்மாக்கண்ணு அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆகவே அந்த வீட்டுப் பாய் நாகஜோதிக்கு மட்டும்தான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கூட்டம் முடிந்து எல்லோரும் போகும்வரை அம்மாக்கண்ணு அக்கா உட்கார்ந்திருந்தார்.

"டீச்சரு, ஒண்ணு சொல்லணும். வெளிய சொல்லிராதீக."

"சொல்லுங்கக்கா."

"எங்க வீட்டுப் பாயி கார்த்திகைக்குப் பெறகு வேலிக்கு வரல. மார்கழி போச்சு, தை போச்சு. மாசியும் பொறந்துருச்சு."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது.

[புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.]

"அவள்ட்ட கேட்டீகளா?"

"என்னன்னு கேக்க? பெத்தவ வாயால கேக்குற கேள்வியா அது? நேத்து குழாயடியில ஒருத்தி கேக்குறா, 'என்ன அம்மாக்கண்ணு, பாயை வித்துப்புட்டியா'ன்னு. சுத்தி நின்ன அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாளுக. எனக்கு அங்ஙனயே உசிரு போயிருச்சு."

"இப்ப என்ன செய்யப் போறீக?"

"தம்பிக்குச் சொல்லிவிட்டேன். மாசி இருபத்தாறுல முகூர்த்தம் இருக்கு. சரின்னுட்டான்."

தம்பி என்றால் முத்துராமலிங்கம். நாகஜோதிக்குத் தாய்மாமன். இருபத்தொன்பது வயது. திருப்பத்தூரில் அரிசி மில்லில் வேலை. மாசி இருபத்தாறு என்றால் மார்ச் பத்து. பத்தாம் வகுப்புப் பரீட்சை அந்த மாதக் கடைசியில். கல்யாணம் நடந்தால் நாகஜோதி திருப்பத்தூரில் மில்லுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருப்பாள். பரீட்சை ஹாலில் இருக்கமாட்டாள்.

அவளுடைய அப்பா ஐயனாரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மச்சான் ஏன் திடீரென்று மாப்பிள்ளையாகத் துடிக்கிறான் என்று அவர் குழம்பிக்கொண்டிருந்தார்.

மறுநாளே நான் அவளைப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பு. வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"யாரு?"

"யாரு என்னக்கா?"

"எங்கிட்ட மறைக்காத. யாரு அவன்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். 'தலைகுனிந்தாள். கண்ணீர் முட்டியது' என்று அன்று என் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

4

[இந்தப் பகுதியில் நாகஜோதி பிரசவத்தில் இறந்துபோனாள். ஜான் பீட்டர் சாருக்காக ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். காரணம் கீழே.]

எங்கள் அம்மாவுக்குப் பதினைந்தில் கல்யாணம். பதினாறில் ஒரு பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. அம்மாவும் போகவேண்டியவள், பிழைத்தாள். அந்தச் சாவைப் பார்த்து ஊரில் யாரும் பயப்படவில்லை. அடுத்த வருஷம் நான் பிறந்தேன். என் சித்திக்கும் பதினைந்தில்தான் கல்யாணம் நடந்தது. சாவைக் காட்டினால் சனம் திருந்தும் என்று நினைப்பவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

ஜான் பீட்டர் சாரின் பட்டியலில் இல்லாத காரணம் ஒன்று உண்டு. மானம் போய்விடும் என்ற அவசரம். நம் ஊரில் பதினாறு வயதில் பிள்ளை பெறுகிறவர்களில் பெரும்பாலோர் திருட்டுத்தனமாகப் பெறுவதில்லை. மேளம் வைத்து, பந்தல் போட்டு, சொந்தக்காரர்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகுதான் பெறுகிறார்கள். நாகஜோதி வீட்டில் நடந்ததும் அதுதான். பதினாறு வயதில் கர்ப்பமாகிவிட்டாளோ என்று பயந்து, பதினாறு வயதில் அவள் கர்ப்பமாவதற்கு வேண்டிய எல்லா ஏற்பாட்டையும் செய்துகொண்டிருந்தார்கள்.

இதை ஒரு கூட்டத்தில் பேசினால் கை தட்டுவார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டில் நானும் இருந்தேன். "யாரு" என்று கேட்டது நான்தான்.

5

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். எதுவானாலும் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். அம்மாக்கண்ணு அக்கா முடியாது என்றார். கல்லலில் காட்டினால் ஊருக்குத் தெரியும், காரைக்குடிக்குப் போகலாம் என்று சமாதானம் செய்தேன். புதன்கிழமை காலை பஸ் ஏறினோம். மூன்று பேர் சீட்டில் நடுவில் நாகஜோதி. மடியில் கணக்குப் புத்தகம். குன்றக்குடி முருகனுக்கு வேண்டிக்கொண்டு அம்மாக்கண்ணு அக்கா ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு வந்தார். நான் சன்னல் பக்கம் உட்கார்ந்து, பெனோ எப்படி இருப்பான் என்று யோசித்தபடி வந்தேன்.

[இதை எழுதும்போதுதான் தெரிகிறது. அந்தப் பஸ்ஸில் உருப்படியான காரியம் செய்தவள் கணக்குப் படித்த நாகஜோதி ஒருத்திதான்.]

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பிள்ளை மட்டும் இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் வெளிய உட்காருங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். நர்ஸ் ஒரு சின்ன பாட்டிலுடன் வந்து போனார். அம்மாக்கண்ணு அக்கா சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். நேரமாயிற்று. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சிரிக்கிறாகளா டீச்சரு?"

"அப்படித்தான் கேக்குது."

கதவு திறந்தது.

"நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று டாக்டரம்மா நாகஜோதியைக் கேட்டார்.

"நீங்களே சொல்லுங்க."

"டெஸ்ட் எடுத்துட்டேன். கர்ப்பமெல்லாம் இல்லை. எடுக்கவே வேண்டியதில்லை. பிள்ளைக்கு இன்னிக்கு ரெண்டாம் நாள்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அம்மாக்கண்ணு அக்காவுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

"ரெண்டாம் நாளுன்னா?"

"ஒழுங்கா மாசாமாசம் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. உங்ககிட்ட சொல்லலை. அவ்வளவுதான்."

"ஏண்டி சொல்லல?"

நாகஜோதி இப்போதுதான் முழுசாக வாயைத் திறந்தாள். திறந்தவள் மூடவில்லை.

"கார்த்திகையில மூணு நாள் சாய்ப்புல ஒக்கார வச்சீக. அந்த மூணு நாள்லதான் அல்ஜீப்ரா நடத்துனாக. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது வரல. மார்கழியில அரைப்பரீட்சை, தையில ரிவிஷன். ஒவ்வொண்ணுக்கும் மூணு நாள் ஒக்காந்தா நான் எப்பப் படிக்க? அதான் சொல்லல."

"துணியெல்லாம்?"

"தாவணிக்கு அடியில போட்டுக் காயவச்சேன்."

"நான் வேப்பமரத்தடியில வச்சுக் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"நீங்க யாருன்னுதானே கேட்டீக? வந்துச்சா வரலையான்னு கேக்கவே இல்லையே. சொன்னா மறுபடி சாய்ப்புல ஒக்கார வச்சிருவாக. டெஸ்ட் எடுத்தா எப்படியும் இல்லைன்னுதானே வரும்னு பேசாம வந்தேன்."

அம்மாக்கண்ணு அக்காவின் கவலை வேறு பக்கம் தாவியிருந்தது.

"அடியே, அப்ப வெள்ளிக்கெழமை வெளக்கு?"

"நான்தான் ஏத்துனேன்."

"பொங்கப்பானை?"

"நான்தான் எறக்குனேன்."

நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். மார்கழியிலிருந்து வீட்டில் நடந்த ஒவ்வொன்றையும் அவர் நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பசு ஈன்றது. ஐயனாருக்குக் காய்ச்சல்கூட வரவில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தது.

"ஒண்ணும் ஆகலயே," என்றார் மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பி, "ஒண்ணுமே ஆகல டீச்சரு!" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்துச் சிரித்து அழுதார்.

டாக்டரம்மா விடவில்லை. கல்யாணத் தேதியைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"இப்பத்தான் இல்லைன்னு சந்தோஷப்பட்டீங்க. மார்ச்ல கட்டி வச்சா அடுத்த வருஷம் இதே பிள்ளையை வயித்தோட கூட்டிட்டு வருவீங்க. அப்பவும் இதே இடுப்பெலும்புதான், இதே ரத்தம்தான். தாலி கட்டிட்டா எலும்பு விரிஞ்சிடாது."

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். மாதவிடாய் ஏன் வருகிறது, கரு எப்படித் தங்குகிறது, எந்த நாட்களில் தங்கும், தங்காமல் இருக்க என்னென்ன வழிகள் உண்டு, பதினெட்டுக்கு முன்னால் அது ஏன் உயிருக்கே ஆபத்து என்று எல்லாமே அந்தச் சீட்டில் அடங்கிவிட்டன. மொத்தம் பத்து நிமிஷம். மூன்று பிள்ளை பெற்று ஒன்றை இழந்த அம்மாக்கண்ணு அக்கா அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். பட்டம் வாங்கிய நானும்தான். பதினைந்து வருஷம் படித்திருக்கிறேன். இந்தப் பத்து நிமிஷத்தை எனக்கு யாரும் தரவில்லை. இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

வெளியே வந்து ஆளுக்கு இரண்டு தோசை சாப்பிட்டோம். நாகஜோதி நாலு சாப்பிட்டாள். திரும்பும் பஸ்ஸில் அம்மாக்கண்ணு அக்கா வாயைத் திறந்து வைத்துத் தூங்கினார். நாகஜோதி புத்தகத்தை மூடிவிட்டு என்னைக் கேட்டாள்.

"அக்கா, நெசமாவே வயித்துல இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீக?"

பஸ் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

6

அன்று சாயங்காலம் முத்துராமலிங்கம் வந்திருந்தார்.

"ஒண்ணுமில்லடா தம்பி," என்றார் அக்கா.

"என்ன ஒண்ணுமில்ல?"

"நாம நெனச்சது ஒண்ணுமே இல்லடா."

புரிந்ததும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நீதானக்கா மானம் போகுது, ஓடியான்னு ஆளனுப்புன. இவளத் தோள்ல தூக்கிக்கிட்டுத் திருவிழாப் பாத்தவன் நான். எனக்குச் சோறே எறங்கல." பிறகு தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்: "அப்ப நான் மில்லுக்குப் போகட்டுமா? நாளைக்கு லீவு சொல்லல."

ஐயனார் வயலிலிருந்து அப்போதுதான் வந்து நின்றார். "என்ன எல்லாரும் பல்லக் காட்டுறீக? கல்யாணம் என்னாச்சு?"

"இப்ப இல்ல," என்றார் அம்மாக்கண்ணு அக்கா. "பதினெட்டு முடியட்டும்."

"அதுவும் அவ சம்மதிச்சா," என்றேன் நான்.

"நானும் படிக்கட்டும்னுதானே சொன்னேன். எவரு கேட்டீக?" என்று சொல்லிவிட்டு ஐயனார் கால் கழுவப் போனார். உண்மையில் என்ன நடந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

தெருவின் வாயை எப்படி அடைப்பது என்பது பாக்கி இருந்தது. இங்கே நான் ஒரு காட்சி எழுதினேன். அம்மாக்கண்ணு அக்கா தெரு நடுவில் அந்தப் பாயைப் போட்டுக் கொளுத்துகிறார். தீ எழும்புகிறது. பெண்கள் ஒவ்வொருவராகத் தத்தம் பாயைக் கொண்டுவந்து

[நிறுத்திவிட்டேன். படிக்க நன்றாக இருந்தது. எனக்கு ஆசையும்கூட. ஆனால் அப்படி நடக்கவில்லை.]

நடந்தது இது. இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை, குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்து அம்மாக்கண்ணு அக்கா சாய்ப்பின் பரணிலிருந்து பாயை இறக்கினார். ஒட்டடை தட்டினார். யாருமே உட்காராத பாயைச் சத்தம் கேட்கும்படி அலசி வேலியில் விரித்தார். நாகஜோதி முந்தின நாளும் தெருப் பக்கம் வராமல் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அன்றும் பையோடு கொல்லைப்புறத்தில் நின்றாள்.

"பாயி காயட்டும். நீ தெரு கண்ணுல படாம கண்மாய்க்கரை வழியா அங்குட்டுப் போயிரு," என்றார் அம்மாக்கண்ணு அக்கா.

குழாயடியிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள்: "என்னக்கா, பாயி வந்துருச்சு போல?"

"வெயிலு நல்லா அடிக்குதுல்ல, அதான்."

பங்குனியிலும் அந்தப் பாய் நாலாம் நாள் தவறாமல் வேலிக்கு வந்தது. அதற்கு முந்தின மூன்று நாளும் அவள் வகுப்பில் இருந்தாள். தெரு திருந்தவில்லை. ஏமாந்தது. எனக்கு இப்போதைக்கு அது போதும்.

7

ஜான் பீட்டர் சார் ஆறு பகுதியையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா இது? இளவயதுக் கர்ப்பத்தைப் பத்தின கதையில கர்ப்பமே இல்லையே?"

"அதுதானே சார் தடுப்பு?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு அந்த மூன்று புள்ளிகளுக்கு நேராக என்ன போடலாம் என்று கேட்டார். டாக்டரம்மாவின் சீட்டை அப்படியே அச்சடிக்கச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய வார்த்தை.

பிறகு நாகஜோதியிடம் கொடுத்தேன். அவளுக்குச் சம்மதம் இல்லாமல் இது அச்சுக்குப் போகாது. பரீட்சை நடந்துகொண்டிருந்தது. மறுநாள் கணக்கு. ஆனாலும் என் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தாள்.

"அக்கா, மூணாவதுல தப்பா எழுதியிருக்கீக. கண்ணீர் முட்டியதுன்னு. நான் எங்க அழுதேன்? காலையிலருந்து சாப்பிடல, தலை வலிச்சுச்சு. அம்புட்டுத்தான்."

"மாத்திடுறேன்."

"வேணாம். அப்படியே இருக்கட்டும். நீங்க என்ன நெனச்சீகன்னு தெரியட்டும்."

கடைசித் தாளுக்கு வந்தாள். பஸ்ஸில் அவள் கேட்ட கேள்விக்கு நான் எழுதியிருந்த பதில்கள் அதில் இருந்தன. மூன்று. ஒன்றில் நான் வீரமாக இருந்தேன். ஒன்றில் அவளுடைய அம்மா வீரமாக இருந்தார். மூன்றாவது பாதியில் நின்றிருந்தது. அதை இரண்டு முறை படித்தாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"பின்பக்கம் வெத்தாத்தானே இருக்கு? நான் எடுத்துக்கிறவா? அல்ஜீப்ரா போட்டுப் பாக்கணும்."

கொடுத்துவிட்டேன். நாலாக மடித்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. அது கல்லல் பக்கம் ஒரு வீட்டில், ஒரு சமன்பாட்டுக்கு அடியில் இருக்கிறது. திருப்பிக் கேட்க எனக்கு மனசில்லை. அவள் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் பஸ்ஸிலேயே வருகிறது. இந்தத் தடவை கர்ப்பம் இல்லை. நல்லவேளை. ஆனால் இன்னொரு பிள்ளை, இன்னொரு பஸ், மடியில் இன்னொரு புத்தகம். அப்போது உண்மையிலேயே இருந்தால்?

அதை நீங்கள்தான் எழுத வேண்டும். முழுவதும் வேண்டாம். நீங்கள் அவளிடம் கேட்கப்போகும் முதல் கேள்வியை மட்டும் எழுதுங்கள். நான் கேட்டதைக் கேட்காதீர்கள். சாப்பிட்டியா என்றாவது தொடங்குங்கள்.